கருகுது எண்டா திருத்தாதே

ராத்திரி பன்னிரண்டு மணியிருக்கும். அடுத்த நாள் அசைன்மென்ற் குடுக்கோணும் எண்டு போடிங்கில் நாலைந்து பேர் முழிச்சிருப்பம். அதில ஒருத்தன் வேப்பை எடுத்து ஒரு இழுவை இழுப்பான். முகம் சுருங்கும். இருமுவான். "சீ, கருகுது மச்சான்." அவ்வளவுதான். அதுவரைக்கும் நோட்ஸுக்கு மேல தூங்கி வழிஞ்சுகொண்டிருந்த மூண்டு பேரும் உடனே நிபுணர்கள் ஆகிவிடுவார்கள். "கொயில் முடிஞ்சுது, மாத்து." "லிக்குவிட் குறைஞ்சிருக்கும், பார்." "வோட்டைக் குறை." "ஒரு பத்து நிமிசம் வை, பஞ்சு ஊறட்டும்."

இதை எழுதுகிற நாங்கள் அந்த நிபுணர்கள்தான். கலைப்பீடம், மூன்றாம் வருடம். எங்களில் இரண்டு பேர் விட்டுவிட்டோம். ஒருவர் இன்னும் விடவில்லை. இன்னொருவர் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை, ஆனால் எங்கள் எல்லாரையும் விட நேர்த்தியாகக் கொயில் மாத்தத் தெரிந்தவர் அவர்தான். ஆகவே இது வெளியில் நின்று கல்லெறிகிற கட்டுரை இல்லை. வேப் பிடிக்கிற பிள்ளைகளைத் திட்டுகிற கட்டுரையும் இல்லை. அதைத் திட்டுவதற்கு ஊரில் ஆக்கள் நிறைய இருக்கினம், அவர்களிடமும் பிறகு வருவோம்.

எங்கள் வாதம் ஒன்றுதான். அந்தக் கருகல் ருசி பழுது இல்லை. அந்தக் கருவி எங்களோடு உண்மை பேசுகிற ஒரே நேரம் அதுதான். இரண்டு வருசமாக நாங்கள் செய்த வேலை, அந்த வாயைப் பொத்துவது.

முதலில், ஏன் கருகுது?

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. "அது கூடாது" என்று சொல்கிற ஒருவரும் அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்வதில்லை. நாங்கள் சொல்கிறோம்.

உங்கள் வீட்டுக் குத்துவிளக்கை நினையுங்கோ. எண்ணெய் கீழே, சுடர் மேலே. நடுவில் ஒரு பஞ்சுத் திரி. எண்ணெய் யாரும் தள்ளாமல் தானாக மேலே ஏறும். ஏ/எல் பௌதிகம் படித்தவர்கள் இதை மயிர்த்துளை எழுகை என்பார்கள். கலைப்பீடத்துக்காரருக்கு அம்மம்மா சொன்னது போதும்: "எண்ணெய் முடியுது, திரி கருகுது, பார்." எண்ணெய் ஏறிக்கொண்டிருக்கும் வரை சுடர் எண்ணெயைத்தான் எரிக்கும். எண்ணெய் நின்றால் திரியை எரிக்கும்.

எங்கட அப்பா அம்மாவின் தலைமுறைக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்டும் இல்லை, பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சப் பஞ்சு, அது நனைகிற அளவுக்கு மண்ணெண்ணெய், ஒரு சின்னத் திரி. அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் பலர் இதே கம்பஸுக்கு வந்தார்கள். ஒரு துளி எண்ணெய் எவ்வளவு நேரம் ஏறும், திரி எப்போது கருகும் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

வேப்பும் ஒரு திரிவிளக்குத்தான். சுடருக்குப் பதிலாக ஒரு சின்னக் கம்பிச்சுருள், அல்லது வலைபோன்ற உலோகத் தகடு. அதுதான் கொயில். அதைச் சுற்றி அல்லது அதற்குள் பஞ்சு. பஞ்சைச் சுற்றி லிக்குவிட். நீங்கள் இழுக்கும்போது பற்றரி கொயிலைச் சூடாக்கும், பஞ்சில் இருக்கிற லிக்குவிட் ஆவியாகும், காலியான இடத்துக்குப் புது லிக்குவிட் ஏற வேண்டும். ஏறுகிற வேகத்தை விட ஆவியாகிற வேகம் கூடினால் பஞ்சு காயும். காய்ந்த பஞ்சு கருகும். கருகல் ருசியின் கதை முழுக்க இவ்வளவுதான்.

ஏன் ஏறுதில்லை என்பதற்குக் காரணங்கள் பல. புதுக் கொயிலைப் போட்டவுடன் ஊற விடாமல் இழுப்பது. மூச்சு விடாமல் அடுத்தடுத்து இழுப்பது. கொயிலுக்கு எழுதியிருக்கிற அளவை விட வோட்டைக் கூட்டி வைப்பது. தாங்கியில் லிக்குவிட் அடிமட்டத்துக்கு வருவது. தானே பஞ்சு வைப்பவர் இறுக்கமாக அடைவது, அல்லது போதாமல் வைப்பது. லிக்குவிட்டின் தடிப்பும் ஒரு காரணம். அதில் பெரும்பங்கு இரண்டு திரவங்கள்: தண்ணிமாதிரி ஓடுகிற புறொப்பிலீன் கிளைக்கோல், பாணிமாதிரித் தடித்த கிளிசரின். கிளிசரின் கூடின லிக்குவிட்டை ஒரு சின்னப் பொட்டில் ஊற்றினால் அது சின்னத் துளைகளுக்குள்ளால் ஏறாது. நுவரெலியாக் குளிரில் இன்னும் ஏறாது. கடைசியாக இனிப்பு. லிக்குவிட்டில் போடுகிற சுக்ரலோஸ் ஆவியாகிப் போகாது. கொயிலில் சீனிப்பாகு அடிப்பிடித்த மாதிரிக் கறுப்பாய்ப் படிந்து, பஞ்சின் வாயை அடைக்கும். நல்ல இனிப்பான ஃபிளேவரில் கொயில் கெதியாய்ப் போவது இதனால்தான்.

சரி. இப்போது உங்களுக்கும் திருத்தத் தெரியும். ஊற விடு, ஆறுதலாய் இழு, வோட்டைக் குறை, மெல்லிய லிக்குவிட் விடு, கொயிலை மாத்து. இதில் எந்த மந்திரமும் இல்லை. இனி எங்கள் கேள்வியைக் கேட்கிறோம்: திருத்தி என்னத்தைக் கண்டோம்?

நாக்கு எண்ட காவல்காரன்

கேத்திலில் தண்ணி இருக்கும் வரைக்கும் அது 100 பாகையைத் தாண்டாது. தண்ணி வத்தினால் கேத்திலே உருகும். இங்கேயும் அதே விதி. புறொப்பிலீன் கிளைக்கோல் 188 பாகை செல்சியஸில் கொதிக்கும், கிளிசரின் 290 பாகையில். பஞ்சு நனைந்திருக்கும் வரை கொயிலின் வெப்பநிலை இந்த எல்லைகளுக்குக் கிட்டவே நிற்கும். பஞ்சு காய்ந்ததும் அந்தக் கட்டுப்பாடு போய்விடும். அப்போது கருகுவது பஞ்சு மட்டுமில்லை. மிச்சமிருக்கிற திரவமும் உடையத் தொடங்கும். கிளிசரின் உடைந்தால் அக்குறோலின் வரும். தாச்சியில் எண்ணெயை மறந்துபோய் விட்டால் கண்ணையும் தொண்டையையும் பிடிக்கிற ஒரு புகை வருமே, அந்தப் புகையின் உறைப்புக்கும் அக்குறோலின்தான் காரணம். அதோடு ஃபோமல்டிஹைட்டும் வரும். அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பதில் சந்தேகம் இல்லை.

2015 இல் இதை வைத்து ஒரு பெரிய சண்டை நடந்தது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் ஸ்ரேற் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் ஒரு கடிதம் எழுதினார்கள். ஒரு வேப்பை 3.3 வோல்ற்றில் இயக்கியபோது ஃபோமல்டிஹைட் சேர்மங்கள் அகப்படவில்லை, 5 வோல்ற்றில் இயக்கியபோது நிறைய அகப்பட்டது என்பது அதன் சாரம். உடனே மறுப்பும் வந்தது. கிரேக்க இதயநோய் ஆய்வாளர் ஃபர்சலினோஸும் அவருடைய குழுவினரும் அதே ஆண்டு ஒரு பரிசோதனை செய்து காட்டினார்கள்: அவ்வளவு நச்சு வருவது பஞ்சு காய்ந்த இழுவையில்தான், அனுபவமுள்ளவர்கள் அந்த ருசியை உடனே கண்டுபிடித்து நிறுத்திவிடுவார்கள், ஆகவே சாதாரணப் பாவனையில் அந்த அளவை யாரும் உள்ளெடுக்க மாட்டார்கள்.

அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. நாங்கள் அதை மறைக்கவில்லை. கருவி ஒழுங்காக ஓடும்போது அந்த நச்சுகளின் அளவு மிகவும் குறைவு. ஆனால் அந்த வாதத்தை ஒருக்கால் திருப்பிப் போட்டுப் பாருங்கோ. முழுப் பாதுகாப்பும் எதில் தங்கி நிற்கிறது? எங்கள் நாக்கில். இந்தக் கருவியின் கடைசிக் காவல்காரன் எங்கட நாக்கும் தொண்டையும்தான். கருகினால் நாக்கு சொல்லும், நாங்கள் நிறுத்துவோம் என்பதுதான் ஏற்பாடு.

நாங்கள் நிறுத்தினோமா?

விடிய ஒரு மணி. கடை பூட்டு. கையில் இருப்பது கடைசிக் கொயில், மாதக் கடைசி, மகாபொல இன்னும் வரவில்லை. கருகுது. முகத்தைச் சுழிச்சுக்கொண்டு இன்னும் மூன்று இழுவை. பிறகு பத்து நிமிசம் விட்டு இன்னும் இரண்டு. எங்களில் இதைச் செய்யாத ஒருத்தரும் இல்லை. ஆய்வுகூடத்தில் உட்காருகிற அனுபவசாலி "கருகுது" என்று சொல்லி நிறுத்துவார். நிக்கொட்டினுக்குத் தவிக்கிற ஒருத்தன் கருகினதையும் இழுப்பான். பழக்கம் என்ற சொல்லுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எங்களுக்குத் தெரியாது.

தொண்டையை ஏமாற்றுகிற வியாபாரம்

காவல்காரன் நாக்கு என்றால், வியாபாரம் செய்தது அந்தக் காவல்காரனுக்கு லஞ்சம் கொடுப்பது.

எங்கட அப்பாமாரில் சிலர் சொல்லுவினம், முதல் சிகரட்டிலேயே நெஞ்சு கிழியிற மாதிரி இருமி, அதோடு விட்டுட்டன் எண்டு. எல்லாரும் விடவில்லைத்தான். ஆனால் அந்த இருமல் ஒரு வாசல். "உனக்கு இது வேண்டாம்" என்று உடம்பு சொல்கிற இடம். அந்த வாசலில் திரும்பிப் போனவர்கள் ஏராளம்.

சீனாவைச் சேர்ந்த மருந்தாளர் ஹொன் லிக் 2003 இல் இன்றைய மின்சிகரட்டுக்கு முன்னோடியான கருவியை உருவாக்கினார். ஆரம்பகாலக் கருவிகளில் நிக்கொட்டினின் அளவைக் கூட்டினால் தொண்டை எரியும். அதனால் ஒரு எல்லைக்கு மேல் இழுக்க முடியாது. 2015 இல் அமெரிக்காவில் ஜூல் வந்தது. அதில் நிக்கொட்டினோடு பென்சோயிக் அமிலம் சேர்த்து உப்பாக்கி விட்டார்கள். எரிச்சல் போய்விட்டது. ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கிற உச்ச அளவு ஒரு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் நிக்கொட்டின். ஜூலின் அமெரிக்கப் பொட்டில் இருந்தது 59. கிட்டத்தட்ட மூன்று மடங்கு, ஆனால் தொண்டைக்குத் தெரியாது. அதற்கு மேலே மாம்பழம், புதினா, குளிர்ச்சி, இனிப்பு. முதல் இருமல் என்ற வாசலை அடைத்து அதில் மாம்பழப் படம் ஒட்டிவிட்டார்கள்.

இது சிகரட்டுக்கு எதிரி என்று சொல்கிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2018 டிசம்பரில் ஜூலின் 35 சதவீதப் பங்கை 12.8 பில்லியன் டொலருக்கு வாங்கியது யார்? அமெரிக்காவில் மார்ள்பரோ விற்கிற அல்ட்ரியா. இலங்கையில் சிகரட் உற்பத்தி செய்கிற சிலோன் டொபாக்கோ கம்பனியின் பெரும்பங்கு பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவுக்குச் சொந்தம். அந்த பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ வேறு நாடுகளில் வியூஸ் என்ற பெயரில் வேப் விற்கிறது. ஒரு கையில் நெருப்பு, மற்றக் கையில் பற்றரி. எந்தக் கையால் வாங்கினாலும் காசு ஒரே பொக்கற்றுக்குத்தான் போகிறது.

"ஆனா மச்சான், சிகரட்டை விடப் பரவாயில்லைதானே?" இந்தக் கேள்வியை நாங்கள் தட்டிக்கழிக்கப் போவதில்லை. இருபது வருசம் சிகரட் பிடித்த ஒருவர் அதை முழுதாக விட்டுவிட்டு வேப்புக்கு மாறினால் அவருக்குக் கேடு குறையும். புகையிலை எரிந்து வருகிற தாரும் காபனோரொட்சைட்டும் இதில் இல்லை. பிரித்தானியாவில் பொதுச் சுகாதாரத் துறையே இதைச் சொல்கிறது. ஆனால் எங்களில் யார் இருபது வருசம் சிகரட் பிடித்தது? எங்கட வயசே இருபத்திரண்டு. எங்கட பட்ச்சில் வேப் பிடிக்கிற பலர் ஒரு சிகரட்டைக் கூட ஒழுங்காகப் பற்றவைத்ததில்லை. ஒரு நோயாளிக்குக் கொடுக்கிற ஊன்றுகோலை ஓடுகிற பிள்ளையின் கையில் கொடுத்து, "பார், சக்கர நாற்காலியை விட இது நல்லது" என்று சொல்கிற கதைதான் இது.

"வெறும் தண்ணி ஆவி" என்பதும் பொய். அதில் தண்ணி இருந்தாலும் கொஞ்சம்தான். "ஃபிளேவர் எல்லாம் சாப்பாட்டில போடுறதுதானே" என்பதும் அரைப்பொய். வயிறு வேறு, நெஞ்சு வேறு. வெண்ணெய் மணத்துக்குப் போடுகிற டயசெற்றில் சாப்பாட்டில் பிரச்சினை இல்லை. ஆனால் அமெரிக்காவின் மிசூரியில் பொப்கோர்ன் தொழிற்சாலையில் அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களின் நுரையீரல் திரும்பிச் சரிவராத அளவுக்குக் கெட்டுப்போனது 2000 ஆம் ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்தது. வேப்பால் அந்த நோய் வரும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, நாங்கள் சொல்லவும் இல்லை. வாயால் சாப்பிடலாம் என்பது நெஞ்சால் இழுக்கலாம் என்பதற்கு அத்தாட்சி இல்லை என்று மட்டும் சொல்கிறோம்.

திருத்தவே முடியாதது

இப்போது கம்பஸில் கொயில் மாத்துகிற ஆக்களும் குறைந்துவிட்டினம். எல்லார் கையிலும் டிஸ்போசபிள். ஹைலைற்றர் பேனை மாதிரி, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் மாதிரி நிறங்கள். அதைத் திறக்க முடியாது, பஞ்சு மாத்த முடியாது. கருகினால் ஒரே வழி: எறிந்துவிட்டுப் புதிது வாங்கு. முன்பு கருகல் ஒரு எச்சரிக்கையாவது. இப்போது அது கடைக்காரரின் மணிக்கூடு. எப்போது திரும்பி வருவாய் என்று சொல்கிற மணிக்கூடு.

எறிகிற அந்தக் குழாய்க்குள் ஒரு லிதியம் பற்றரி இருக்கிறது. பலதில் அது திரும்பவும் சார்ஜ் ஏற்றக்கூடிய வகைதான். ஒரு கிழமைக்கு ஒன்று என்று எறிகிறோம். எங்கே? போடிங்குக்குப் பின்னால், சருகோடும் ஷொப்பிங் பையோடும் பின்னேரம் கொளுத்துகிற குப்பையில். லிதியம் பற்றரியை நெருப்பில் போட்டால் வெடிக்கும், அதன் புகை நச்சு. பிரித்தானியா 2025 ஜூன் 1 இலிருந்து ஒருதரம் பாவித்து எறிகிற வேப் விற்பனையையே தடை செய்துவிட்டது. சூழல் தினத்துக்குப் பதாகை பிடித்த பட்ச் நாங்கள். அதே கையால் இதை எறிகிறோம்.

சட்டமும் மேசைக்குக் கீழ் சாமானும்

இந்த நாட்டில் சட்டம் இல்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்க முடியாது. 2016 இல் வந்த ஒழுங்குவிதிகள் புகையிலை அடங்கிய மின்சிகரட்டுகளைத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் சேர்த்தன. எழுத்தில் எல்லாம் இருக்கிறது. சாமானும் இருக்கிறது. யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவருகிறார், யாரோ ஃபோனில் படம் போடுகிறார், யாரோ சந்தியில் வைத்துக் கையில் தருகிறார்.

இதனால் ஆருக்கு லாபம் என்று பாருங்கோ. பில் இல்லை. போத்தலில் எழுதியிருக்கிற நிக்கொட்டின் அளவு உண்மையா என்று கேட்க இடமில்லை. கொயில் அசலா போலியா தெரியாது. மூன்றாம் நாளே கருகினால் "நீ சரியா ஊற விடேல்லை தம்பி" என்று விற்றவரே எங்களைக் குற்றவாளி ஆக்குவார். நாங்களும் வெட்கப்பட்டு, அடுத்த முறை கவனமாய் ஊற விடுவோம். பழுது எப்போதும் பாவிக்கிறவனுடையது. விற்கிறவனுடையதாக ஒருநாளும் இல்லை.

ஊர்பேர் தெரியாத லிக்குவிட் என்ன செய்யும் என்பதற்கு 2019 இல் அமெரிக்காவில் நடந்தது பாடம். திடீரென்று இளம் ஆக்கள் மூச்சு எடுக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 2020 பெப்ரவரி வரைக்கும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தோரும் இறந்தோருமாக 2,807 பேர், அதில் மரணம் 68. முக்கிய காரணம் விற்றமின் ஈ அசற்றேற் என்ற எண்ணெய்ப் பொருள். பெரும்பாலும் கள்ளச்சந்தைக் கஞ்சா லிக்குவிட்டுகளில் அதைக் கலந்திருந்தார்கள். சாதாரண நிக்கொட்டின் லிக்குவிட்டில் இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் இங்கே பாடம் கஞ்சாவைப் பற்றியது இல்லை. யார் கலந்தது, என்ன கலந்தது என்று கேட்க முடியாத ஒரு போத்தலை நெஞ்சுக்குள் இழுப்பதைப் பற்றியது. எங்கட கையில் இருக்கிற எல்லாப் போத்தலும் அப்படிப்பட்ட போத்தல்தான்.

பிரசங்கிகளுக்கும் ஒரு வார்த்தை

இனித் திட்டுகிறவர்களிடம் வருவோம். "கலாசாரச் சீரழிவு." "அந்தக் காலத்தில நாங்கள்…" சரி ஐயா. அந்தக் காலத்தில் நீங்கள் சுருட்டும் பிடித்தீர்கள். வெற்றிலையோடு புகையிலையும் போட்டீர்கள். இன்றைக்கும் கலியாண வீட்டுப் பின்பக்கத்தில் சிகரட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் எங்களுக்கு வேப்பைப் பற்றிப் புத்தி சொல்கிறீர்கள்.

எங்களோடு சேர்ந்து இதை எழுதுகிற தோழி ஒன்றைக் கட்டாயம் சேர்க்கச் சொன்னார். பெடியன் பிடித்தால் "வயசு, திருந்துவான்." பெட்டை பிடித்தால் அது நடத்தைச் சான்றிதழ். அதனால் பெண்பிள்ளைகள் விட வேண்டும் என்று நினைத்தாலும் ஒருத்தரிடமும் போய்க் கேட்க முடியாது. கேட்டால் பிடித்தது தெரிந்துவிடும். கலாசாரக் காவலர்கள் இந்த விசயத்தில் வியாபாரிக்கு இலவசமாக வேலை செய்கிறார்கள்.

பிரசங்கத்தின் பெரிய குற்றம் இதுதான்: அது விசயத்தைச் சொல்வதில்லை. பஞ்சு என்றால் என்ன, நிக்கொட்டின் உப்பு என்றால் என்ன, விட்டால் உடம்பு என்ன செய்யும் என்று ஒரு பெரியவரும் எங்களுக்குச் சொன்னதில்லை. சொன்ன ஒரே ஆள் விற்றவர். அவர் பொறுமையாகச் சொன்னார். மெசேஜ் போட்டால் ராத்திரியிலும் பதில் போட்டார். பிறகு ஏன் பெடியள் அவர் சொல்வதைக் கேட்கிறார்கள் என்று ஆச்சரியப்படுகிறீர்கள்?

எங்கட பங்கு

ஆனால் மற்றவர்களைத் திட்டிவிட்டு நாங்கள் நழுவ முடியாது. விற்றவருக்கு அடுத்தபடியாகச் சொல்லிக் கொடுத்தது நாங்கள்.

போன வருசம் முதலாம் வருடத் தம்பி ஒருவன் எங்கட அறைக்கு வந்தான். தூர ஊர்ப் பிள்ளை. சிகரட் பிடித்ததே இல்லை. பட்ச்காரன் ஒருத்தன் கொடுத்ததைப் பிடித்துப் பார்த்தவன், பிறகு பழைய கருவி ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கியிருக்கிறான். "அண்ணை, இது கருகுது. எனக்குச் சரிவராது போல. எறிஞ்சிடவா?"

எறிஞ்சிடவா என்று கேட்டான். அந்த வாசலில் நின்றுதான் கேட்டான்.

நாங்கள் அவனை இருத்தி, பிளேன்ரீ குடுத்து, கொயிலைக் கழற்றிக் காட்டினோம். பக்கத்துத் துளைகளில் எப்படித் துளித்துளியாய் விட வேண்டும், எவ்வளவு நேரம் ஊற வைக்க வேண்டும், எந்த லிக்குவிட் இந்தப் பொட்டுக்கு ஏறும் என்று அரை மணித்தியாலம் பாடம் எடுத்தோம். அவன் இழுத்தான். இருமவில்லை. சிரித்தான். எங்களுக்கும் பெருமை. கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கும் ஒரு மெஷினைத் திருத்த வரும் எண்ட பெருமை.

இப்போது அவனுக்கு இரண்டு மணித்தியால விரிவுரை இருக்க முடியாது. நடுவில் எழும்பிப் போய்விட்டு வருவான். காலைமை கண் முழிச்ச கையோடு தலையணைக்குக் கீழே தடவுவான். பின்னேரச் சாப்பாட்டை விட்டுவிட்டு அந்தக் காசில் லிக்குவிட் வாங்கியதை அவனே சொன்னான். அவனுடைய தொண்டை அன்றைக்குச் சரியான பதிலைத்தான் சொன்னது. அந்தப் பதிலைத் திருத்தி அனுப்பியது நாங்கள்.

இதை எழுதுவதற்குக் காரணம் அந்தத் தம்பிதான். அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். "நீங்கள் என்ன அண்ணை செய்தனீங்கள், நான்தானே பிடிச்சது" என்றான். அவன் நல்ல பிள்ளை. ஆனால் அது உண்மை இல்லை.

ஆகவே

நாங்கள் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை.

பல்கலைக்கழகத்திடம் கேட்பது: தண்டனைக்குப் பயப்படாமல் போய்க் கதைக்க ஒரு அறையும் விசயம் தெரிந்த ஒரு ஆளும் வேண்டும். பெயர் எழுதாத, வீட்டுக்கு அறிவிக்காத அறை. பதாகையும் உறுதிமொழியும் எங்களுக்கு வேண்டாம்.

பிடிக்கிற நண்பர்களிடம் சொல்வது: விடுகிறபோது முதல் சில நாட்கள்தான் கொடுமை. எரிச்சல், நித்திரையின்மை, படிப்பில் மனம் நிற்காமை எல்லாம் வரும். பிறகு வாரக்கணக்கில் மெல்ல மெல்லத் தணியும். எங்களில் இரண்டு பேருக்குத் தணிந்தது. ஒருவர் ஒரேயடியாக விட்டார், மற்றவர் நிக்கொட்டின் அளவைப் படிப்படியாகக் குறைத்து விட்டார். விடுகிறேன் என்று சிகரட்டுக்கு மட்டும் போய்விடாதீர்கள். இரண்டு தரம் விழுந்தால் மூன்றாந்தரம் எழும்புங்கோ. விழுந்ததற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்களைப் போன்ற நிபுணர்களிடம் சொல்வது இன்னும் சின்னது. அடுத்த முறை ஒருத்தன் முகத்தைச் சுழித்து "கருகுது மச்சான்" எண்டு சொல்லும்போது, ஒரு நிமிசம் சும்மா இருங்கோ. கையை நீட்டி அந்தக் கருவியை வாங்காதீர்கள். அவனுடைய தொண்டை பேசிக்கொண்டிருக்கிறது. அதைக் குறுக்கால் மறிக்காதீர்கள். முதல் தரம் பிடிக்கிற பிள்ளை என்றால், "அது சரியாத்தான் வேலை செய்யுது, எறி" என்று மட்டும் சொல்லுங்கோ.

எங்கட அறையில் இருந்த குறட்டையும், பஞ்சுப் பையையும், மிச்சக் கொயில்களையும் போன மாதம் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் போட்டு மூடி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டோம். இன்னும் விடாத எங்கட ஆளும் சம்மதித்துத்தான் வைத்தது. அவருக்குக் கருகினால் அவரே பார்த்துக்கொள்ள வேண்டும் எண்டு ஒப்பந்தம். போன கிழமை கருகிவிட்டது. ரின்னை அண்ணாந்து பார்த்தார், எங்களைப் பார்த்தார், தூசணத்தில் ஒன்று சொன்னார், கீழே போய் நடந்துவிட்டு வந்தார்.

கருகின கொயிலோடு இனி எங்கட அறைக்கு வாறவைக்குத் திருத்து வேலை இல்லை. பிளேன்ரீ இருக்கு. கதைக்க நேரமும் இருக்கு. வாங்கோ.